அறுந்தா மாத்திக்கலாம்... இது சரியா?

– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள. கவிதை எழுதலாம் என்றால் நம் காலேஜில் கவிஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. நிலா, மழை, நட்பு எல்லாம் சேர்ந்து எப்படியும் பத்துப் பக்கம் வந்துவிடும். அதனால் யாரும் எழுதாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெல்ட்! இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லீங்க. எஞ்சினுக்கு முன்னால் ஓடுகிறதே, அந்தப் பெல்ட். சிவில், கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நீங்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு எடுக்கிற வண்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும், அறுந்தா மாத்திக்கலாம்." பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இது. ஓனர் சொல்கிறார், டிரைவர் சொல்கிறார், சில மெக்கானிக்கும் சொல்கிறார். இது சிக்கனம் மாதிரி தெரிகிறது. ஆனால் சிக்கனமும் இல்லை, நியாயமும் இல்லை என்பதே என் கருத்து.

என் கருத்துக்கு ஆதாரம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எங்கப்பா டிரைவர். ஓட்டுவது டொயோட்டா குவாலிஸ். சொந்த வண்டி இல்லை, ஓனர் வண்டி. பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை, பழனி, மருதமலை என்று டிரிப் போவார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா தென்னைநார் மில்லுக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் டிப்ளமோ முடிக்கும் முன்பே எங்கள் தெருவில் எனக்கு 'எஞ்சினீரு' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். அரியர்ஸ் இருப்பது அவர்களுக்குத் தெரியாது!

குவாலிஸ் நம் நாட்டில் 2000இல் வந்தது. 2005இல் இன்னோவா வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அப்படியென்றால் இன்று ரோட்டில் ஓடுகிற எந்தக் குவாலிஸும் இருபது வயசுக்காரன். என்னைவிட மூத்தவன்! ஆனாலும் ஓடுகிறது. 2446 சி.சி. டீசல் எஞ்சின், 2எல் என்று பெயர். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலையேறும். குவாலிஸை உதாரணமாகச் சொல்கிறேனே தவிர, பழைய சுமோ, பொலிரோ எல்லாவற்றுக்கும் கதை ஏறக்குறைய இதுதான்.

பானெட்டைத் திறந்து எஞ்சினின் முன்பக்கம் பாருங்கள். கிராங்க் ஷாஃப்ட் புல்லியில் இருந்து பெல்ட்கள் கிளம்பிப் போகும். ஒன்று வாட்டர் பம்பையும், அதன் மேலேயே இருக்கும் ஃபேனையும், ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. இதைத்தான் ஃபேன் பெல்ட் என்கிறோம். பவர் ஸ்டீயரிங் பம்புக்கு ஒன்று, ஏ.சி. கம்ப்ரஸருக்கு ஒன்று. ஏ.சி. பெல்ட் அறுந்தால் வியர்க்கும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் பெல்ட் அறுந்தால் வளைக்கக் கை வலிக்கும், கொண்டை ஊசி வளைவில் பெரிய கஷ்டம். ஃபேன் பெல்ட் அறுந்தால்? இங்கேதான் நிறையப் பேருக்கு விஷயம் தெரியவில்லை.

ஃபேன் பெல்ட் அறுந்ததும் டேஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரியும். டிரைவர் என்ன நினைப்பார்? "சார்ஜ் ஏறலை போல. டீசல் வண்டிதானே, பேட்டரி இல்லாட்டியும் ஓடும். ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்." பாதி உண்மை. பழைய டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்ப் மெக்கானிக்கல். ஸ்டார்ட் ஆன பிறகு கரண்ட் அதிகம் தேவையில்லை. எஞ்சின் நிற்காது. நிற்காததுதான் ஆபத்து! வாட்டர் பம்ப் சுற்றவில்லை, ஃபேன் சுற்றவில்லை. தண்ணீர் அப்படியே நின்று கொதிக்க ஆரம்பிக்கும். டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. பிரேக்! பிரேக்குக்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாம் பிரேக் மிதிக்கும்போது நம் காலுக்கு உதவியாக ஒரு பூஸ்டர் வேலை செய்கிறது அல்லவா? அது வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் இருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டிலேயே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? குவாலிஸ் மாதிரி பல பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே! ஆல்டர்னேட்டர் நின்றால் வேக்குவம் பம்பும் நின்றது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் அடியோடு போய்விடாது, ஆனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பலமாக மிதித்தால்தான் பிடிக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போது இப்படி ஆகும் என்று எத்தனை டிரைவர் எதிர்பார்ப்பார்?

ஆக, பழைய டீசல் வண்டியில் பேட்டரி விளக்கு என்பது பேட்டரி விளக்கு மட்டும் இல்லை. அது தண்ணீர் விளக்கு, பிரேக் விளக்கும்கூட. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

2024 மே மாதம் எங்கப்பாவுக்கு இது நடந்தது. வால்பாறையில் இருந்து ஆழியாறுக்கு இறங்குகிற ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் ஒரு குடும்பம், குழந்தைகளோடு ஏழு பேர். பாதி இறங்கியிருக்கிறார். முன்னால் 'டப்'பென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. முதல் மிதி சரியாக இருந்ததாம். அடுத்த வளைவில் பெடல் இறங்கவே இல்லையாம். நல்லவேளை, இரண்டாவது கியரில்தான் வந்திருக்கிறார். எஞ்சின் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டு காலாலும் பெடலை மிதித்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சீட்டுக்கு அடியில் கழற்றி வைத்த பழைய பெல்ட் ஒன்று இருந்தது. அதை மாட்டி ஒன்றரை மணி நேரம் கழித்து மெதுவாக இறங்கினார். வந்தவர்கள் பயந்துபோய் பாதி வாடகைதான் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அன்றைக்குப் பேட்டா இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பெல்ட் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 'கீச்' என்று தெருவே எழுந்துவிடும். அப்பா ஓனரிடம் சொன்னார். ஓனர் ஒரு ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினார். அங்கே பையன் ஒருவன் சோப்புக் கட்டியை எடுத்து ஓடுகிற பெல்ட்டில் தேய்த்துவிட்டான். சத்தம் நின்றது. "அவ்வளவுதாங்ண்ணா, போங்க" என்றான். நான் வீட்டில் அப்பாவிடம், "ஏனுங்ப்பா, அது மாத்தோணுமே" என்றேன். "ஓடுதில்ல கண்ணு. ஓனரு வேண்டாங்கறாரு, நாம என்ன பண்றது?" என்றார்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யோசித்துப் பாருங்கள். பெல்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியவர் வீட்டில் இருக்கிறார். பிரேக் மிதிக்க வேண்டியவர் மலையில் இருக்கிறார். அறுந்தா மாத்திக்கலாம் என்ற பேச்சு முதல் ஆளுக்கு லாபமாகத்தான் தெரியும். அதனால்தான் இதை நியாயமில்லை என்று சொன்னேன். சரி, ஓனருக்காவது லாபமா? ஒரு வி பெல்ட் சில நூறு ரூபாய். ஹெட் கழற்றினால் பத்தாயிரக் கணக்கில் போகும். வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வேறு கிடையாது. இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம், ஆறாவது படித்த என் அப்பாவே போட்டுவிடுவார்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். சோப்பு, மெழுகு, கடையில் விற்கிற ஸ்பிரே, எதுவானாலும் அது வைத்தியமே இல்லை. பெல்ட் கத்துகிறது என்றால் வழுக்குகிறது, அல்லது நேர்கோட்டில் ஓடவில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்தவுடன் ஏன் அதிகம் கத்துகிறது? பேட்டரியில் இருந்து எடுத்த கரண்டைத் திருப்பி ஏற்ற ஆல்டர்னேட்டர் பலமாக உழைக்கிறது. அப்போது லோடு அதிகம், தளர்ந்த பெல்ட் தாங்காமல் வழுக்குகிறது. சோப்பு தேய்த்தால் சத்தம்தான் போகுமே தவிர வழுக்கல் போகாது. வழுக்கினால் சூடு, சூட்டில் ரப்பர் இறுகி ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், இன்னும் வழுக்கும். எங்கம்மாவுக்குக் கூட இது தெரியும். மில்லில் மோட்டார் பெல்ட் சூடாகி ரப்பர் வாசம் வந்தால் உடனே மெஷினை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார்களாம். அங்கே யாரும் சோப்பைத் தேடுவதில்லை.

கத்தலின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது தள்ளி நின்று ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கிப் பிறகு திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. செலவு ஒரு டம்ளர் தண்ணீர்! துண்டு, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் கிட்டே போகக்கூடாது, அது முக்கியம்.

வி பெல்ட்டின் தத்துவம் நமக்குத் தெரிந்ததுதான். 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரில் செய்தது. இன்று நம்ம மதுரை கோச்சடையிலேயே ஃபென்னர் பெல்ட் தயாராகிறது. வி பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்காரக் கூடாது. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆப்பு மாதிரி இறுகி நிற்க வேண்டும். பள்ளத்தின் கோணம் 38 டிகிரி என்றால் அதே இழுப்பில் தட்டை பெல்ட்டுக்குக் கிடைப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கும். பாதிக் கோணத்தின் சைன் எடுத்து ஒன்றை அதால் வகுத்துப் பாருங்கள், வரும். பெல்ட் தேய்ந்து அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு வேலை போச்சு. அதனால் பழைய பெல்ட்டைக் கழற்றும்போது புல்லிப் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். அங்கே தேய்ந்து பளபளப்பாக இருந்தால் அந்தப் பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும்.

இந்த ஃபார்முலாவை நாம் மூன்றாவது செமஸ்டரில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஓப்பன் பெல்ட் நீளம், கிராஸ் பெல்ட் நீளம், இழுவிசை விகிதம், எல்லாம் தலைகீழாகச் சொல்வோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறோம்? நம் லேபில் இருக்கிற கட் செக்‌ஷன் எஞ்சினில் பெல்ட் இருக்கிறது. சிவப்பு, பச்சை பெயிண்ட்டுக்கு நடுவில் புத்தம் புதுசாக இருக்கிறது. அது சுற்றியதும் இல்லை, தேய்ந்ததும் இல்லை. கேம்பஸில் செலக்ட் ஆகி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போனாலும் அசெம்பிளி லைனில் புது பெல்ட்டைத்தான் மாட்டப் போகிறோம். பழைய பெல்ட்டைப் பார்த்து இது இன்னும் எத்தனை நாள் என்று சொல்லும் அறிவு நமக்கு எங்கிருந்து வரும்? ஒர்க் ஷாப்பில் பத்து வயசில் இருந்து இருக்கிற அண்ணன்களுக்கு அது கையில் இருக்கிறது. அவர்களிடம் போய் "அண்ணா, சொல்லிக் குடுங்க" என்று கேட்க நமக்குக் கௌரவம் இடிக்கிறது. இது நம் பக்கத்துத் தவறு என்றுதான் சொல்வேன்.

அதே சமயம் அந்த அண்ணன்கள் செய்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது அளவுக்கு மீறி இறுக்குவது! கடப்பாரையை ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் கொடுத்து, ஆள் ஒருவர் தொங்கி இழுத்து, விரலால் தட்டினால் தந்தி மாதிரி 'டங்' என்று கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. "டைட்டா வெச்சா கத்தாதுங்ண்ணா." கத்தாது, உண்மைதான். ஆனால் அந்த இழுப்பு முழுக்க வாட்டர் பம்ப் பேரிங் மேலேயும் ஆல்டர்னேட்டர் பேரிங் மேலேயும் விழுகிறது. சில மாதத்தில் வாட்டர் பம்ப் சொட்ட ஆரம்பிக்கும். "பம்ப் குவாலிட்டி சரியில்லை" என்று அதன்மேல் பழியைப் போடுவார்கள். தளர்ந்த பெல்ட்டாவது கத்தி எச்சரிக்கும். இறுகிய பெல்ட் சத்தமே இல்லாமல் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிறகு எவ்வளவுதான் இறுக்குவது? ஒவ்வொரு வண்டிக்கும் மானுவலில் அளவு கொடுத்திருக்கிறார்கள், அதுதான் முடிவு. பொதுவாகப் பழைய வி பெல்ட்டுக்கு, இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் சுமார் 10 கிலோ விசையில் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். 10 கிலோ அழுத்தம் என்றால் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே? எடை மெஷின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பழகுங்கள். சிரிக்க வேண்டாம், நான் எங்கள் தெரு மளிகைக் கடையில் அப்படித்தான் பழகினேன். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். அது வேறு கதை.

புது பெல்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்க வேண்டும், ஓடினால் தளரும். டொயோட்டா மானுவலில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓடும் எஞ்சினில் 5 நிமிடம் பயன்படுத்திவிட்டாலே அது பழைய பெல்ட் என்று சொல்லியிருக்கிறார்கள்! அதனால் மாட்டிவிட்டு அப்படியே அனுப்பிவிடக் கூடாது. கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். ஜோடியாக வரும் பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் பாரம் முழுவதும் புதுசின் தலையில்தான். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பிப் புல்லி மேல் ஏற்றுவது இன்னொரு பாவம். உள்ளே இருக்கும் நூல் அறும், வெளியே தெரியாது. ஆல்டர்னேட்டர் போல்ட்டுகளைத் தளர்த்தி உள்ளே தள்ளினால் பெல்ட் தானாக ஏறும். அதற்கு முன்னால் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள்.

அடுத்த தலைமுறை வண்டிகளில் தனித்தனி வி பெல்ட்டுக்குப் பதிலாகப் பட்டையான ஒரே பெல்ட், உள்பக்கம் வரிவரியாக, பாம்பு மாதிரி எல்லாப் புல்லியையும் வளைந்து சுற்றி வரும். டென்ஷனர் தானே இறுக்கிக்கொள்ளும். வசதிதான். ஆனால் அறுந்தால் எல்லாமே ஒரே நேரத்தில் போகும்! இன்னொரு விஷயம். பழைய ரப்பர் பெல்ட்டில் விரிசல் விடும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இப்போது வருகிற ஈ.பி.டி.எம். ரப்பர் சீக்கிரம் விரிசல் விடாது. டயர் மாதிரி தேய்ந்துகொண்டே போகும். விரிசல் இல்லை, அதனால் பெல்ட் நல்லா இருக்கு என்று சொல்வது பழைய பாடம். இதற்கு வரியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பெல்ட். கவருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெல்ட் இருக்கிறது: டைமிங் பெல்ட். எல்லா எஞ்சினிலும் கிடையாது, சிலவற்றில் செயின், சிலவற்றில் கியர். குவாலிஸில் பெல்ட்தான். கேம் ஷாஃப்டையும் டீசல் பம்பையும் சுற்றுவது அது. 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது கத்தாது, எச்சரிக்காது, ஒருநாள் அறும். டீசல் எஞ்சினில் கம்ப்ரஷன் சுமார் 22க்கு 1. அதாவது பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் இடமே இருக்காது. கேம் நின்று வால்வு திறந்தபடி இருந்தால் பிஸ்டன் வந்து நேராக மோதும். அதோடு எஞ்சின் காலி. சில டொயோட்டா டீசல் வண்டிகளில் இதற்கென்று டேஷ்போர்டில் ஒரு விளக்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஓடிய கிலோமீட்டரைக் கணக்குப் பார்த்து எரிகிற விளக்கு. பெல்ட்டின் நிலைமை அதற்குத் தெரியாது.

மூன்று நான்கு கை மாறிய வண்டியில் இந்த பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாரிடம் கேட்பது? பழைய ஓனர் "இப்பத்தான் மாத்துனேன்" என்பார். எந்த 'இப்ப'? எஃப்.சி.க்குப் போனால் பிரேக், லைட், புகை எல்லாம் பார்க்கிறார்கள். டைமிங் கவரைக் கழற்றிப் பார்ப்பது அந்த வேலையில் வராது. என் யோசனை மிகச் சாதாரணமானது. மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், இந்த இரண்டையும் ஒரு துண்டு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் கவர் மேலேயே ஒட்டிவிட வேண்டும். ஃபேன் பெல்ட்டுக்கும் அப்படியே. எழுதி ஒட்டியது இல்லாத வண்டியை மாற்றாத வண்டி என்றே எடுத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். கூடவே டென்ஷனர் பேரிங்கையும் மாற்றுவது உத்தமம்.

"அட போப்பா, எலக்ட்ரிக் வண்டி வந்தாச்சு, நீ இன்னும் ஃபேன் பெல்ட்டைப் பிடிச்சுத் தொங்கறே" என்று எங்கள் கிளாஸிலேயே ஒரு நண்பன் கேட்டான். எலக்ட்ரிக் காரில் இந்தப் பெல்ட்கள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் தினமும் வருவது கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரில். அதற்குள் எஞ்சினில் இருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவதே ஒரு வி பெல்ட்தான்! ஏத்தர் எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் பின் சக்கரத்தைச் சுற்றுவது பெல்ட்தான். அதெல்லாம் இருக்கட்டும். புது வண்டி வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நம் ஊரில் கல்யாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், மலைக்கோயிலுக்கும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவது இன்னும் அந்த இருபது வயசு வண்டிகள்தான். அதை ஓட்டுகிறவர்கள் நம்மில் பல பேருடைய அப்பாவும் மாமாவும்தான்.

இப்போது நம் யூனியனுக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் ரத்ததானம் நடத்துகிறோம், மரம் நடுகிறோம். நல்ல காரியம், தொடர வேண்டும். கூடவே ஒன்று செய்யலாம். ஆயுத பூஜைக்கு எல்லா டிரைவரும் வண்டியைக் கழுவுகிறார்கள். கிரில்லுக்கு மாலை, பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். டயருக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி பெல்ட்டுக்குக் கிடைத்தால் போதும்! ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் காலேஜ் கேட் பக்கம் ஒரு இலவசப் பெல்ட் பரிசோதனை முகாம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடகை வேன், டெம்போ, ஸ்கூல் வேன், யார் வந்தாலும் சரி. நாம் எதையும் கழற்ற வேண்டாம். பானெட்டைத் திறந்து, பார்த்து, விரலால் அழுத்தி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்: மாற்ற வேண்டும், இறுக்க வேண்டும், நன்றாக இருக்கிறது. பழைய டீசல் வண்டி என்றால் பேட்டரி விளக்கைப் பற்றி டிரைவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். டிரைவர் சொன்னால் ஓனர் கேட்க மாட்டார். பாலிடெக்னிக் சீல் போட்ட சீட்டைக் காட்டினால் ஒருவேளை கேட்கலாம். எங்கப்பா சொன்ன யோசனை இது, என்னுடையது இல்லை.

செலவு அதிகமில்லை. நாலு டார்ச், ஒரு ஸ்டீல் ரூல், ஸ்டிக்கர், பேனா, வருகிறவர்களுக்கு மோர். டவுனில் இருக்கிற மெக்கானிக் அண்ணன்கள் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், நமக்குச் சொல்லித்தர வருகிறேன் என்கிறார்கள். பிரின்ஸிபால் அவர்களிடமும் ஒர்க் ஷாப் சூப்பரின்டென்டென்ட் அவர்களிடமும் அனுமதி வாங்கும் வேலை யூனியன் பொறுப்பாளர்களுடையது. பெயர் கொடுக்க விரும்புகிற தோழர்களும் தோழிகளும், எந்தப் பிரிவாக இருந்தாலும், மத்தியான இடைவேளையில் ஆட்டோமொபைல் மூன்றாமாண்டு வகுப்புக்கு வாருங்கள். கடைசி பெஞ்சில் இருப்பேன்.